கேமராவுக்கு முந்தைய படிப்பு

இங்கிலாந்தில் நம் பிளஸ் டூவுக்கு நிகரான ஏ லெவல் வகுப்புகளில் மீடியா ஸ்டடீஸ் என்றொரு பாடம் உண்டு. அதில் மாணவர்கள் விரும்பி எடுத்துக்கொண்ட செய்முறை வேலைகளில் ஒன்று, இன்னும் எடுக்கப்படாத ஒரு திகில் படத்துக்கு டீசர் தயாரிப்பது. ஓசிஆர் என்ற தேர்வு வாரியத்தின் பழைய பாடத்திட்டத்தில் டீசரோடு வேலை முடிந்துவிடவில்லை. அந்தப் படத்துக்கான போஸ்டர், சினிமாப் பத்திரிகையின் அட்டை, இணையதள முகப்பு ஆகிய மூன்றில் இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருந்தது. கேமராவைத் தொடுவதற்கு முன் ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் தனியாகக் காலம் ஒதுக்கப்பட்டது, தனியாக மதிப்பெண்ணும் தரப்பட்டது. பதினேழு வயதுப் பிள்ளைகள் பேய்ப்பட டிரெய்லர்களை நொடி நொடியாக நிறுத்திப் பார்த்துக் குறிப்பெடுப்பதை ஒரு தேசத்தின் கல்விமுறை படிப்பு என்று ஏற்றுக்கொண்டதே அங்கே பலருக்கு உறுத்தலாக இருந்தது. 2003இல் அன்றைய உயர்கல்வி அமைச்சர் மார்கரெட் ஹாட்ஜ், தரமற்ற பட்டப்படிப்புகளைச் சாட ‘மிக்கி மவுஸ்’ என்ற வசையைப் பயன்படுத்தினார். அந்த வசை மீடியா ஸ்டடீஸின் மேல் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. 2011இல் முன்னணிப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ரஸ்ஸல் குரூப், மேற்படிப்புக்கு வழிதிறக்கும் பாடங்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டபோது அதில் இந்தப் பாடம் இல்லை. கணிதமும் இயற்பியலும் வரலாறும்தான் படிப்பு, பேய்ப்பட டிரெய்லர் பொழுதுபோக்கு என்பதே பெற்றோர்கள், பத்திரிகைகள், அமைச்சர்கள் எல்லோருடைய தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு பாடத்திட்டத்திலும் இறங்கிவிட்டது. 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய ஏ லெவலில், முன்பு பாதியாக இருந்த செய்முறையின் பங்கு 30 சதவீதமாகச் சுருங்கியது. மீதி 70 சதவீதம் எழுத்துத் தேர்வு. பழைய ஓசிஆர் முறையில் இந்த வேலைக்கான 100 மதிப்பெண்ணில் 20 ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் உரியது. புதிய முறையில் அப்படி ஒரு தனிப்பிரிவு கிடையாது. மாணவர் தன் நோக்கத்தை விளக்கி ஒரு சிறு அறிக்கை எழுதித் தருவதோடு சரி. குழுவாகச் செய்த வேலை, தனித்தனியாகச் செய்ய வேண்டியதாகவும் ஆனது. பாடத்தைக் கடினமாக்குகிறோம் என்று சொல்லி இதைச் செய்தார்கள். என் வாதம் இதற்கு நேர் எதிரானது. இந்த வேலையில் மிக அதிகமாகச் சிந்தனை கோரிய பகுதி எதுவோ, அதிலிருந்துதான் மதிப்பெண்ணைப் பிடுங்கியிருக்கிறார்கள். முடிந்த டீசரை மட்டும் பார்ப்பவர் ஒரு விளையாட்டைத்தான் பார்ப்பார். அதற்கு முந்தைய மாதங்களைப் பார்ப்பவருக்கு, வரலாறு, உளவியல், சட்டம், ஒலியியல், தர்க்கம் எல்லாம் கலந்த ஒரு கடும் பயிற்சி தெரியும்.

ஒரே ஒரு டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். 1960இல் வந்த ‘சைக்கோ’வின் டிரெய்லர் ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. அதில் படத்தின் காட்சிகளே இல்லை. ஹிட்ச்காக் தாமே வந்து, கொலை நடந்த விடுதியையும் மேட்டின் மேல் நிற்கும் வீட்டையும் சுற்றுலா வழிகாட்டிபோலச் சுற்றிக் காட்டுகிறார். மாடிப்படியில் என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொள்கிறார். கடைசியில் குளியலறைக்குள் போய்த் திரைச்சீலையைச் சடாரென்று விலக்குகிறார், ஒரு பெண் அலறுகிறாள். அந்தப் பெண், படத்தில் அந்தக் குளியலறையில் கொல்லப்படும் ஜேனட் லீ அல்ல. தங்கையாக நடித்த வேரா மைல்ஸ். இந்த ஆறு நிமிடத்தை ஒரு மாணவி நேர்மையாக ஆராய்ந்தால் அவள் கேட்க வேண்டிய கேள்விகள் எத்தனை? கொலை நடந்த இடம் இதுதான் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டும், பார்ப்பவர் ஏன் ஒன்றும் தெரியாமலே எழுந்திருக்கிறார்? இடத்தைச் சொல்லி ஆளை மறைத்ததாலா? பேச்சு பாதியில் நிற்கும்போது மீதியை நம் மனம் இட்டு நிரப்புவதாலா? இதன் பக்கத்தில் ‘தி ஷைனிங்’கின் டீசரை வைத்துப் பார்க்கட்டும். கேமரா அசையவே இல்லை. சிவப்பு லிஃப்ட் கதவுகள், மேலே ஏறிப்போகும் எழுத்துகள், பிறகு கதவிடுக்கிலிருந்து ரத்த வெள்ளம், அவ்வளவுதான். 1979இல் வந்த ‘ஏலியன்’ டிரெய்லரில் வசனமே கிடையாது. ஒன்று பேசிக்கொண்டே மறைக்கிறது, இன்னொன்று அசையாமல் காத்திருக்க வைக்கிறது, மூன்றாவது மொழியையே கைவிடுகிறது. மூன்றும் ஒரே பயத்துக்கு மூன்று தனி வழிகள். இவற்றை ஒப்பிட்டு, எது எந்தப் பார்வையாளரிடம் ஏன் பலிக்கிறது என்று எழுதும் மாணவி, செய்யுளின் அணியை ஆராயும் இலக்கிய மாணவிக்கு எந்த விதத்திலும் குறைந்தவள் இல்லை.

ஆய்வு என்பது டிரெய்லர்களைப் பார்ப்பதோடு முடிவதுமில்லை. 2012இல் ஹாம்மர் நிறுவனம் வெளியிட்ட ‘தி வுமன் இன் பிளாக்’ படத்துக்கு பிரிட்டிஷ் தணிக்கை வாரியமான பிபிஎஃப்சி 12ஏ சான்றிதழ், அதாவது பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களும் பெரியவர் துணையோடு பார்க்கலாம் என்ற சான்றிதழ், தந்தது. அந்தச் சான்றிதழைப் பெறுவதற்காக விநியோகஸ்தர் ஆறு நொடிகளை வெட்டினார். வெட்டியதோடு நிற்காமல், சில ஷாட்களை இன்னும் இருட்டாக்கினார், சில இடங்களில் ஒலியின் அளவைக் குறைத்தார். அப்படியும் அந்த ஆண்டில் வாரியத்துக்கு மிக அதிகமான புகார்கள் இந்தப் படத்தைப் பற்றியே வந்தன. ஹாரி பாட்டராக நடித்த டேனியல் ராட்கிளிஃப் இதில் நாயகன் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சிறுவர்களை எது தியேட்டருக்கு அழைத்து வந்தது, எது அவர்களைக் கலங்கடித்தது என்ற இரண்டு கேள்விகள் ஒரே படத்தில் வந்து நிற்கின்றன. இந்த ஒரு வழக்கைப் படிக்கும் மாணவன், பயம் கதையில் மட்டும் இல்லை, ஒலியின் அளவிலும் இருட்டின் அடர்த்தியிலும் இருக்கிறது, அதை ஒரு தணிக்கை வாரியமே அளவிட்டுக் கூட்டவும் குறைக்கவும் சொல்கிறது என்று தெரிந்துகொள்கிறான். அங்கிருந்து அவன் ஒலிக்குப் போவான். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர் டேனியல் பிளம்ஸ்டைன், மார்மட் என்ற மலை அணில்களை ஆராய்ந்தவர். பிடிபட்ட குட்டிகள் எழுப்பும் கரகரத்த, ஒழுங்கு உடைந்த அலறல் கேட்பவரை உடனே உலுக்குவதைக் கவனித்து, அதே தன்மை திரைப்பட ஒலியிலும் பயன்படுகிறதா என்று பார்க்க நூற்றுக்கும் மேற்பட்ட படங்களின் காட்சிகளை அலசி 2010இல் கட்டுரை வெளியிட்டார். திகில் படங்களில் அந்தக் கரகரப்பு கூடுதலாகவே இருந்தது. டீசருக்கு எந்த ஒலியைப் போடுவது என்று தேடப்போன பையன், விலங்குகளின் எச்சரிக்கைக் குரல் வரைக்கும் போய்ச் சேர்கிறான். இதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

திட்டமிடலையும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு பெண் பள்ளித் தாழ்வாரத்தில் நடந்து வருகிறாள், பின்னால் ஒரு கதவு தானாகத் திறக்கிறது. காகிதத்தில் ஒரு வரி. அதைப் படமாக்கும் முன் ஸ்டோரிபோர்டில், அதாவது ஷாட்களை ஒவ்வொன்றாக வரைந்து பார்க்கும் தாளில், முடிவு செய்ய வேண்டியவை இவை: கதவைப் பார்வையாளர் முதலில் பார்க்கிறாரா, அவள் பார்க்கிறாளா? பார்வையாளர் முதலில் பார்த்தால் அது பதைபதைப்பு, அவள் முதலில் பார்த்தால் அது திடுக்கிடல். இரண்டுக்கும் கேமரா நிற்கும் இடம் வேறு, ஷாட்டின் நீளம் வேறு, ஒலி தொடங்கும் நொடி வேறு. பிறகு அந்தப் படங்களை வரிசையாக ஒட்டி, உத்தேச ஒலியோடு ஓடவிட்டு, அனிமேட்டிக் தயாரிப்பார்கள். காகிதத்தில் பயமாக இருந்த இடம் ஓட்டத்தில் சப்பென்று போவது அப்போதுதான் தெரியும். பிறகு இடம் பார்க்கப் போக வேண்டும். டிசம்பரில் லண்டனில் மாலை நான்கு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், ஆகவே அந்தி வெளிச்சம் வேண்டுமானால் எத்தனை நிமிடம் கையில் இருக்கும் என்று கணக்குப் போட வேண்டும். காட்டில் படமெடுப்பதானால் அபாய மதிப்பீட்டுப் படிவம் எழுத வேண்டும். வழுக்கும் தரை, இருட்டு, கையில் ஏந்தும் பொய்க்கத்தி, அதைப் பார்த்து வழிப்போக்கர் போலீஸை அழைத்துவிடும் வாய்ப்பு எல்லாம் அதில் வரும். பின்னணி இசைக்கு உரிமை யாருடையது என்று விசாரிக்க வேண்டும். பதினேழு வயதில் இதையெல்லாம் நாலு பேர் உட்கார்ந்து பேசி, வாதாடி, ஒருவர் விட்டுக்கொடுத்து முடிவெடுப்பதில் இருக்கும் படிப்பை எந்த மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு தரும்? குழுவேலையை நீக்கியவர்களிடம் இதற்குப் பதில் இல்லை.

எதிர்த்தரப்பில் நான் மதிக்கும் ஒரு வாதம் உண்டு. திகில் படம் தேய்ந்த வழி, பிள்ளைகள் காடு, முகமூடி, ஓடும் பெண் என்று பார்த்ததையே திரும்ப எடுக்கிறார்கள், இதில் படைப்பு எங்கே என்பது அந்த வாதம். ஆய்வு இல்லாமல் எடுத்தால் அப்படித்தான் ஆகும், மறுக்கவில்லை. ஆய்வு செய்தவர்களுக்குத்தான் அந்த ஓடும் பெண் ஒரு கேள்வியாகிறாள். கேரல் குளோவர் என்ற அமெரிக்க அறிஞர் 1987இல் எழுதிய கட்டுரையில், ‘தி டெக்சாஸ் செயின் சா மாஸக்கர்’ (1974), ‘ஹாலோவீன்’ (1978) போன்ற படங்களில் கடைசிவரை உயிரோடு மிஞ்சுபவள் ஒரு பெண்ணே என்பதைச் சுட்டி, இளைஞர்கள் நிறைந்த அரங்கு அவள் கண்வழியே படத்தைப் பார்க்கிறதே, அது எப்படி என்று கேட்டார். அதைப் படித்த மாணவி தன் டீசரில் அலறும் பெண்ணை வைக்கும் முன் ஒருமுறை யோசிப்பாள். 1968இல் வந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’டில் நாயகன் டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பினத்தவர். இரவு முழுக்கப் பிணங்களோடு போராடித் தப்பியவரை, விடிந்ததும் காப்பாற்ற வந்த வெள்ளையர் கூட்டம் சுட்டுக் கொல்கிறது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து, 2017இல், ஜோர்டன் பீல் ‘கெட் அவுட்’ எடுத்து, அடுத்த ஆண்டு சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்காரை வாங்கினார். பார்வையாளர் எதை எதிர்பார்க்கிறார் என்று நன்றாக அறிந்ததால்தான் அவரால் அதை உடைக்க முடிந்தது. வெள்ளைக்காரர்கள் வாழும் அமைதியான புறநகர்த் தெருவில் இரவில் தனியாக நடக்கும் கறுப்பு இளைஞனை, பயமுறுத்துபவனாக இல்லாமல் பயப்படுபவனாகக் காட்டித் தொடங்குகிறார். விதிகள் இவ்வளவு வெளிப்படையாக இருக்கும் வகைமையில்தான் ஒரு மாணவர் விதியைக் கண்டுபிடித்து, சோதித்து, மீறிப் பார்க்க முடியும். இன்னொரு வசதியும் இதில் இருக்கிறது. சமூகப் படத்தின் டீசர் நன்றாக வந்ததா என்பதைப் பற்றி ஆளுக்கொரு கருத்துச் சொல்லலாம். திகில் டீசரைப் பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டினால் எந்த நொடியில் தோள் குலுங்கியது, எந்த நொடியில் கொட்டாவி வந்தது என்று கண்ணெதிரே தெரிந்துவிடும். தன் கருதுகோள் பொய்த்ததை இவ்வளவு சீக்கிரம் காட்டிக் கொடுக்கும் கலைப்பாடம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

திகில் இளம் மனத்தைக் கெடுக்கும் என்ற அச்சம் பிரிட்டனுக்குப் புதிதில்லை, அதுவே இந்த ஆய்வின் ஒரு பகுதியாக இருப்பதும் தற்செயல் இல்லை. 1980களின் தொடக்கத்தில் வீடியோ கேசட்டில் வந்த திகில் படங்களுக்கு எதிராகப் பத்திரிகைகள் கொந்தளித்தன. அரசு வழக்கறிஞர் அலுவலகம் 72 படங்களின் பட்டியலை வைத்திருந்தது, போலீஸ் கடைகளில் நுழைந்து கேசட்டுகளை அள்ளியது, 1984இல் வீடியோ பதிவுச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி அறிவிக்கவே இல்லை, ஆகவே அதை அமல்படுத்த முடியாது என்று 2009இல் தெரியவந்து, 2010இல் மறுபடி நிறைவேற்ற வேண்டியதாயிற்று. கால் நூற்றாண்டு காலம் மக்களைத் தண்டித்த ஒரு சட்டம், பதற்றத்தில் பிறந்து, நடைமுறைகூடச் சரியாக முடிக்கப்படாமல் ஓடியிருக்கிறது. ஒரு சமூகம் எதைக் கண்டு அஞ்சுகிறது, அந்த அச்சம் எப்படிச் சட்டமாகிறது என்பதைக் கற்க இதைவிட நல்ல பாடம் குடிமையியல் புத்தகத்தில் இருக்குமா? பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு எதைக் காட்டலாம் என்று தானே தீர்மானிக்க வேண்டிய இடத்தில் நிற்கும் மாணவர், தணிக்கையை வெறுமனே எதிர்க்கவும் மாட்டார், கண்மூடி ஏற்கவும் மாட்டார்.

டிரெய்லர் விளம்பரம்தானே, பள்ளியில் வியாபாரத்தைக் கற்றுத் தரலாமா என்று கேட்பவர்களுக்கு நீளமான பதில் தேவையில்லை. ‘தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்’ (1999) எடுத்தவர்கள், படத்தில் வரும் மூன்று மாணவர்கள் உண்மையிலேயே காணாமல் போனவர்கள் என்று நம்பவைக்கும் இணையதளத்தை உருவாக்கினார்கள். ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யின் டிரெய்லர், படத்தைக் காட்டுவதைவிட இருட்டில் அலறும் பார்வையாளர்களைக் காட்டியது, ஏறத்தாழ 15,000 டாலரில் எடுத்த படம் உலகெங்கும் 19 கோடி டாலருக்கும் மேல் ஈட்டியது. தன்னை எப்படி நம்பவைக்கிறார்கள் என்று பகுத்துப் பார்க்கத் தெரியாத தலைமுறை, பொய்ச் செய்திக்கும் பொய் வாக்குறுதிக்கும் சுலபமாக இரையாகும். நம்பவைக்கும் தந்திரத்தைத் தன் கையால் ஒருமுறை கட்டிப் பார்த்தவருக்கு, பிறர் கட்டுவது கண்ணில் படும்.

ஆனால் இந்தப் பாடத்தின் ஆதரவாளர்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல இடங்களில் ஆய்வு சடங்காகிப் போனது உண்மை. வகுப்பிலேயே இருபது பேரிடம் உனக்குத் திகில் படம் பிடிக்குமா என்று கேட்டு, வண்ண வண்ணமாக வட்ட வரைபடம் போட்டு, அந்த முடிவு டீசரில் ஒரு ஷாட்டைக்கூட மாற்றாமல் போனால் அது ஆய்வு இல்லை, பக்கம் நிரப்புவது. இந்தக் குறையைக் காட்டித்தான் மதிப்பெண்ணை நீக்கினார்கள் என்றால், அறிவியல் ஆய்வகக் குறிப்பேட்டில் முடிவை முன்னரே எழுதிவிட்டு அளவீட்டைப் பின்னால் பொருத்தும் மாணவர்களுக்காக இயற்பியல் செய்முறையும் படிப்பே இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அது சரியாகாது. சடங்கைச் சரிசெய்ய ஒரே ஒரு கேள்வி போதும்: இந்த ஆய்வால் உன் திட்டத்தில் என்ன மாறியது? அந்தக் கேள்விக்கு மதிப்பெண் வைத்தால் வட்ட வரைபடங்கள் தாமாகவே மறையும். மதிப்பெண்ணையே எடுத்துவிட்டால், கேள்வி கேட்க ஆசிரியருக்கு நேரமும் இருக்காது, பதில் தேட மாணவருக்குக் காரணமும் இருக்காது.

இன்று புதிதாகக் கிளம்பியிருக்கும் வாதம், செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் டிரெய்லர் செய்து தரும்போது இதை ஏன் கற்க வேண்டும் என்பது. இதற்கான பதில் 2016இலேயே கிடைத்துவிட்டது. ‘மார்கன்’ என்ற திகில் படத்துக்கு ஐபிஎம்மின் வாட்சன் இயந்திரம் டிரெய்லர் செய்ததாக உலகெங்கும் செய்தி வந்தது. உண்மையில் நடந்தது என்ன? அந்த இயந்திரத்துக்கு முதலில் நூறு திகில் பட டிரெய்லர்களைக் காட்டி, காட்சி, ஒலி, உணர்வு என்று பகுத்து ஆராய வைத்தார்கள். பிறகு அது முழுப்படத்திலிருந்து பத்துத் தருணங்களைப் பொறுக்கித் தந்தது. அவற்றை வரிசைப்படுத்தி, கோத்து, டிரெய்லராக்கியது ஒரு மனித எடிட்டர். அந்தப் பெரிய நிறுவனம் தன் இயந்திரத்துக்கு வைத்த வீட்டுப்பாடம், ஒரு மீடியா ஸ்டடீஸ் ஆசிரியை தன் மாணவர்களுக்கு வைத்ததே. இயந்திரத்தால் முடியாமல் மனிதரிடம் வந்து நின்றது, எதை முன்னால் வைப்பது, எதை மறைப்பது என்ற முடிவு. கருவிகள் அதன் பிறகு எவ்வளவோ வளர்ந்துவிட்டன. அவை ஒரே கட்டளைக்கு ஐம்பது டீசர்களைக் கொட்டட்டும். அந்த ஐம்பதில் எது பயமுறுத்தும், எது பயமுறுத்துவதுபோல நடிக்கும் என்று பிரித்துச் சொல்ல, அதே ஆய்வும் திட்டமிடலும் பழகிய கண்தான் வேண்டும்.

வேலை கிடைக்குமா என்ற கேள்வியைக் கடைசிக்கு விட்டதற்குக் காரணம், அது இந்தப் பாடத்திடம் மட்டும் கேட்கப்படும் கேள்வி என்பதுதான். வரலாறு படிப்பவர்கள் எல்லோரும் வரலாற்றாசிரியர் ஆவதில்லை, வேதியியல் படிப்பவர்கள் எல்லோரும் ஆய்வகத்துக்குப் போவதில்லை. அந்தப் படிப்பு தரும் ஒழுங்குக்காகவே அதைப் படிக்க வைக்கிறோம். லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கும், சென்னையில் விஸ்காம் எடுக்கிறேன் என்று சொல்லும் பிள்ளையோடு மல்லுக்கட்டும் பெற்றோருக்கும் இது பொருந்தும். தேர்வு வாரியங்கள் ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் உரிய மதிப்பெண்ணையும், குழுவாக வேலை செய்யும் உரிமையையும் திருப்பித் தர வேண்டும். அதுவரை பெற்றோர்கள் ஒன்றைச் செய்யலாம். பிள்ளை எடுத்த டீசரைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் அதன் ஸ்டோரிபோர்டையும் குறிப்பேட்டையும் கேட்டு வாங்கி, அடித்துத் திருத்திய பக்கங்களை ஒருமுறை முழுதாகப் புரட்டுங்கள். இது படிப்பா இல்லையா என்று அதன் பிறகு சொல்லுங்கள்.